இண்டைக்கு ஆர் நாக்கு?

எங்கள் ஹம்பர்கர் கடையின் உயரமான கம்பத்தில் சுழலும் அடையாளப் பலகை எனக்குப் பின்னால் இருந்தது. முன்னால் அறுவடை முடிந்த சோள வயல். அதன் ஓரமாக ஊருக்குப் போகும் சைக்கிள் பாதை. நவம்பர் தூறல். சீருடைக்கு மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். சற்று முன்னர்தான் எங்கள் முதலாளி, ஜேர்மன் வழக்கில் ஷெஃப், அந்த நெடுஞ்சாலைக் கிளையை என் பொறுப்பில் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்திருந்தேன்.

விட்டுப் போவது எனக்குப் பழகிய வேலை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு யாழ்ப்பாணம் கண்டி வீதியில் லொறிக் கிளீனர், பஹ்ரைனில் தொழிலாளர் முகாமின் குசினியில் சமையல், ஒரு கிரேக்கக் கப்பலில் பாத்திரம் கழுவல். கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்குள் வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு ஸ்ட்ரோபெரித் தோட்டம், போத்தல் தொழிற்சாலை, ஸ்டுட்கார்ட்டில் கார் கழுவுமிடம். பட்டினி கிடந்திருக்கிறேன், குளிரில் ரயில் நிலைய வாங்கில் படுத்திருக்கிறேன். ஆனால் கஷ்டம் என்பதற்காக ஒரு வேலையையும் விட்டதில்லை. ஒவ்வொரு காலையும் ஒரே கதவைத் திறக்க வேண்டும் என்றால் எனக்கு மூச்சு முட்டும். அதுதான் காரணம்.

"அண்ணை! நில்லுங்கோ அண்ணை!"

திரும்பிப் பார்த்தேன். தயாபரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். நாற்பது வயது தாண்டிய ஆள், தடித்த மீசை, எங்கள் கிளையில் பொம்மஸ் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் பொரிப்பவன். மூச்சு வாங்க இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பதை எழுதுமுன், எங்கள் கடையில் காலைகள் எப்படித் தொடங்கின என்பதைச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் ஓய்விலிருக்கிறேன். டோர்ட்மண்ட் பக்கம் போனால் பழைய கிளைக்குள் எட்டிப் பார்ப்பேன். கல்லாவில் ஆளில்லை, சனம் திரையைத் தொட்டுச் சாப்பாடு சொல்கிறது. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த கார்த்திக் என்ற பையன் அங்கே பகுதிநேரமாக நிற்கிறான். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்பனி காட்டும் படத்தைத் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு தெருவோரக் கடை, ஒரு மனிதர், ஒரு கிரில். பிறகு நாடு நாடாகப் பரவிய கிளைகள்.

"அங்கிள், ஹிஸ்டரினு சொல்றாங்க, கிச்சன்ல நின்னவங்க ஒருத்தர் கூட இல்லையே. நீங்க எழுதுங்க, நான் ஸ்டாஃப் குரூப்ல போடறேன்."

படத்தில் பொய் இல்லை. கம்பனி அந்த ஒரு கடையிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் கம்பனி தன் கையால் நடத்தும் கிளைகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் உரிமம். பெயரும் பலகையும் செய்முறையும் கம்பனியுடையவை. கட்டடமும் வங்கிக் கடனும் வேலையாட்களும் தலையிடியும் உரிமம் எடுத்தவருடையவை. இத்தனை வருடம் என்று ஒப்பந்தம். அது முடிந்ததும் கம்பனி விரும்பினால் நீட்டும், விரும்பாவிட்டால் நீட்டாது. ஆரம்பத்தில் சின்ன ஆட்களுக்கும் உரிமம் கொடுத்தார்கள். பிறகு ஒரு மாநிலத்தில் பாதியை ஒரே ஆளிடம் கொடுப்பது சுலபம் என்று கண்டுகொண்டார்கள்.

என் ஷெஃப் அந்தச் சின்ன ஆட்களில் ஒருவர். கெஸ்லர் என்று பெயர். பரம்பரை இறைச்சிக் கடைக்காரர். பெரிய சந்தைகள் வந்து கடை படுத்துவிட, அதை விற்று ஹம்பர்கர் உரிமம் எடுத்தவர். ஊரிலுள்ள மற்ற இறைச்சிக் கடைக்காரர்கள் அவரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போவார்களாம். அவர் கவலைப்படவில்லை. கம்பனி கழுத்துப்பட்டி கட்டச் சொன்னது. அவர் தன் வெள்ளை இறைச்சிக் கடைக் கோட்டையே போட்டுக்கொண்டு மூன்று கிளைகளுக்கும் போய்வந்தார். கத்தமாட்டார். பிழை கண்டால் உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நீங்கள் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிட்டுப் போவார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம் என்று தோன்றும்.

என்னை அவர் ஸ்பிரிங்கராக வைத்துக்கொண்டார். எந்தக் கிளையில் ஆள் குறைகிறதோ அங்கே பாய்கிறவனுக்கு அந்தப் பெயர். இன்று நெடுஞ்சாலை, நாளை ரயில் நிலையம், மறுநாள் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துக் கிளை. என்னைப் போன்றவனுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. பணிஸ் என்ற பன் ரொட்டியைச் சுடவும் கிரில்லில் நிற்கவும் சில வாரங்களில் பழகிவிட்டேன். பிடிபட நாளானது காலை ஒழுங்குதான்.

காலையில் முதலில் புகைபோக்கியின் காற்றாடி. அது ஓடாமல் கிரில்லைத் தொடக் கூடாது. முதல்நாள் பூட்டும்போது கிரில்லை ஒரு மருந்தால் கழுவுவார்கள். எண்ணெய்க் கருக்கலை அது சோப்பைப் போலக் கரைத்துவிடும். கழுவிய பின் ஈரத் துணியால் மறுபடி மறுபடி துடைத்தெடுக்க வேண்டும். காலையில் கிரில் சூடானதும் உறைந்த இறைச்சி வட்டுகளை இடமிருந்து வலமாக அடுக்கி மேல்தட்டை இறக்குவோம். மணி அடித்ததும் தட்டு தானாக எழும்பும். முதல் அடுக்கிலிருந்து ஒரு வட்டை எடுத்து, நடுவில் ஊசியைக் குத்தி வெப்பம் பார்ப்போம். பிறகு உப்பில்லை, வெங்காயமில்லை, சோஸ் இல்லை. வெறும் வட்டை அந்தச் சிஃப்டுக்குப் பொறுப்பானவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கம்பனியின் விதி. அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.

கெஸ்லர் அதைச் சொல்லிக் கொடுத்த விதம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வட்டை இரண்டாகப் பிய்த்து மூக்கருகே பிடிப்பார். பிறகு கடித்து, மெதுவாக மென்று விழுங்குவார். விழுங்கியபின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். "இறைச்சியின் ருசி உடனே வரும். மருந்தின் ருசி பிந்தித்தான் வரும். அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்" என்பார்.

இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய கிளைகளில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் எங்கடை ஆட்கள். அதில் முக்கால்வாசிப் பேர் மாடு சாப்பிடாதவர்கள். பகல் முழுக்க மாட்டிறைச்சி சுடுவார்கள், மணத்தை வைத்தே வெந்ததா இல்லையா என்று சொல்வார்கள், வாயில் மட்டும் வைக்கமாட்டார்கள். அவர்களில் யோகேஸ்வரி என்ற யோகம் சிஃப்ட் பொறுப்புக்கு வந்தபோது பிரச்சினை வெளியே வந்தது. யோகத்தைப் போல ஒரு குசினியை நடத்த எங்கள் மூன்று கிளைகளிலும் ஆள் கிடையாது. லொறிகளும் சுற்றுலா பஸ்களும் ஒன்றாக வந்து இறங்கும் மத்தியானத்தில் நெடுஞ்சாலைக் கிளையை ஒரு கைச்சைகையாலேயே ஓட்டுவாள். ஆனால் விதிப்படி காலையில் அவள்தான் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்போது நாங்களாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். காலைச் சிஃப்டில் மாடு சாப்பிடுகிற ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஆள்தான் அன்றைய நாக்கு. யோகம் முகர்ந்து பார்ப்பாள், ஊசி குத்திப் பார்ப்பாள், நாக்கு சாப்பிட்டுச் சொல்லும், யோகம் கதவைத் திறப்பாள். உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழையும்போதே கேட்பார்கள், "இண்டைக்கு ஆர் நாக்கு?" நான் நிற்கும் நாட்களில் நான். மற்ற நாட்களில் பெரும்பாலும் தயாபரன். அவனுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. "உங்களையெல்லாம் நம்பியிருந்தால் கடை திறபடாது" என்று வட்டைக் கடித்துக்கொண்டே மற்றவர்களைச் சீண்டுவான்.

கெஸ்லருக்கு இது தெரியும். ஒரு காலை வந்து, நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது ஜேர்மன் மொழியில் அவரே கேட்டார், "இன்று நாக்கு யார்?" குசினி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும் காலை வணக்கத்துக்குப் பதில் அதுதான்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதத்தில் எங்கள் சனத்தில் பலர் மீன்கூடத் தொடாமல் இருந்தார்கள். நான் ரயில் நிலையக் கிளையில் நின்றேன். நெடுஞ்சாலைக் கிளையில் தயாபரன் நாக்கு. விரதத்தின் நடுவில் ஒரு காலை, முதல்நாள் இரவு பூட்டிய ஆட்கள் கிரில்லிலிருந்த மருந்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். தயாபரன் கடித்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்றான். யோகம் கதவைத் திறந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். சிலர் வாய் எரிகிறது என்று அழுதார்கள். ஒரு பெண் பிள்ளையின் உதடு வீங்கிப்போய், அம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; பெரிய தீங்கில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தான் மறக்கவில்லை என்று யோகம் பிறகும் சொல்வாள்.

விரதம் முடிந்த கையோடு கம்பனியிலிருந்து லின்ட்னர் என்ற அம்மையார் வந்தார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர். கோப்பி வேண்டாம் என்றார். கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். நின்றபடியே ஒரு ஹம்பர்கரை முழுதாகச் சாப்பிட்டார். "நானும் பொம்மஸ் பொரித்துத்தான் இந்தக் கம்பனியில் தொடங்கினேன்" என்றார். கெஸ்லரின் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிகிறது. நீட்டுவதா இல்லையா என்று எழுதப் போகிறவரும் அவர்தான். ஷெஃப்பின் அறைக்குள் யோகத்தையும், மூத்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"அன்று காலை சாப்பிட்டுப் பார்த்தது யார்?" என்று கேட்டார் லின்ட்னர்.

"சிஃப்டுக்குப் பொறுப்பு நான்" என்றாள் யோகம்.

"நான் அதைக் கேட்கவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"இல்லை. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

"அப்படியென்றால் எனக்குப் பதில் சொல்லுங்கள். யார் சாப்பிட்டார்?"

"பொறுப்பு நான்" என்றாள் மறுபடியும்.

லின்ட்னர் கெஸ்லர் பக்கம் திரும்பினார். "உங்கள் சிஃப்ட் பொறுப்பாளர் காலையில் சாப்பிட்டுப் பார்ப்பதில்லை. இது உங்களுக்குத் தெரியுமா?"

வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைக் கெஸ்லர் போட்டார், கழற்றினார். பிறகு, "தெரியாது" என்றார்.

யோகம் அவரைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லின்ட்னர் கோபப்படவுமில்லை. பிள்ளைகளின் வாய்க்குள் போகிற பொருள், இதில் எனக்கு வேறு வழியில்லை என்றார். நாளை மத்தியானத்துக்குள், காலையில் சாப்பிட்டுப் பார்த்துத் திறக்கப் போகிற ஆளின் பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் கிளையைப் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கெஸ்லர் யோகத்திடம், நாளையிலிருந்து வர வேண்டாம், கடிதம் வீட்டுக்கு வரும் என்றார். அவள் கடைச் சாவிகளிருந்த திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவர் என்னைப் பார்த்து, "ராசன், நீ எல்லாம் சாப்பிடுகிற ஆள். இந்தக் கிளையை எடுத்துக்கொள்" என்றார்.

"நான் ஸ்பிரிங்கர், ஷெஃப். ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை" என்றேன். அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி அந்தத் "தெரியாது".

இப்படித்தான் அந்தச் சைக்கிள் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வயல் முடியும் இடத்தில் தயாபரன் வாய் திறந்தான்.

"அண்ணை, நான் கடிக்கேல்லை."

"என்ன கடிக்கேல்லை?"

"அண்டைக்கு. வட்டைக் கடிக்கேல்லை. பணிஸுக்குள்ள வைச்சு, பணிஸை மட்டும் கடிச்சிட்டு நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

நான் நின்றுவிட்டேன். "உனக்கென்ன விசரோ? ஏன்?"

"விரதம் அண்ணை."

"நீயோ? கந்தசஷ்டியோ?"

"பாத்தியளோ, நீங்களே சிரிக்கிறியள்! இதுக்குத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு விசா கிடைச்சால் நான் ஆறு நாளும் விரதம் பிடிப்பன் எண்டு அம்மா ஊரில நேர்ந்துபோட்டா. விசா வந்திட்டுது. பேந்து பிடிக்காமல் விடேலுமோ? மாடு தின்னுறவன் காப்புக் கட்டி நிண்டால் உவங்கள் என்னைப் பகிடி பண்ணாமல் விடுவாங்களோ சொல்லுங்கோ."

கடைசிப் போருக்குப் பிறகு வந்தவன் அவன். விசா கிடைத்தும், வேலை இருக்கும் வரைக்கும்தான் அதை நீட்டிக் கொடுப்பார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நான் போய் ஷெஃப்பிட்ட சொல்லப் போறன் அண்ணை. அக்கா எனக்காண்டித்தான் வாய் திறக்கேல்லை."

"சொல்லி? உன்ர வேலையும் போகும். அவள் சாப்பிடேல்லை எண்டது அப்பிடியேதான் இருக்கும். ஒண்டுக்கு ரண்டு பேர் வீட்டில இருப்பியள்."

"அப்ப என்ன செய்யிறது?"

"முதல்ல அவளிட்டச் சொல்லு" என்றேன். சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் யோகத்தின் வீடு. நாங்கள் திரும்பினோம்.

கதவைத் திறந்தவள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "சப்பாத்தைக் கழட்டுங்கோ. துடைச்ச நிலம்." தேநீர் போட்டாள். தயாபரன் கோப்பையைத் தொடாமல், அக்கா, அண்டைக்கு நான், அக்கா, என்று தடுமாறிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "சூரன்போருக்குக் கோயிலுக்கு வந்தனீ. அர்ச்சனைத் தட்டை நீட்டேக்க சட்டைக் கை மேல போச்சு. காப்பைக் கொண்டுபோய்ப் புயத்தில கட்டியிருக்கிறாய். உலகத்தில ஆரடா காப்பைப் புயத்தில கட்டுறது?"

"கையில ஒண்டும் கட்டக் கூடாது எண்டு குசினிச் சட்டம்தானே அக்கா."

"அந்தச் சட்டம் மட்டும் உனக்கு நல்லா ஞாபகம் இருக்குது!"

தயாபரன் தலையைக் குனிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீங்கள் ஒருக்கா நாக்கில வைச்சுத் துப்பிக் காட்டினால் அந்த மனுசி விடுமே. முருகன் என்ன, குசினிக்குள்ள கேமராவோ பூட்டி வைச்சிருக்கிறார்?"

"கேமரா தேவை கம்பனிக்கு. முருகனுக்குக் கேமரா தேவையில்லை." அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு ஏலாது. ஏலாதெண்டால் ஏலாது. அந்த மனுசியில பிழை இல்லை, தெரியுமோ. அவ கேட்டது சரி. நான்தான் உன்ர வாயைப் பாக்காமல் உன்ர சொல்லைக் கேட்டனான். நாக்கு நாளுக்கொண்டாய் மாறினால் இப்பிடித்தான் வரும். ஒரே நாக்கு வேணும். ஒவ்வொரு நாளும், மழையோ பனியோ, விரதமோ பெருநாளோ, அதே ஆள் வந்து நிக்க வேணும். அப்பிடி ஒரு ஆள் இருந்தால் அவவே ஓம் எண்டுவா."

"அப்பிடி ஆர் இருக்கினம்?" என்று கேட்டான் தயாபரன்.

யோகம் என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். "ராசன் அண்ணையை நான் கேக்க மாட்டன். அவர் நிக்கிற ஆள் இல்லை. கப்பலையே விட்டிட்டு வந்தவர்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். என் கோப்பையில் மிஞ்சியிருந்த தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி நெடுஞ்சாலைக் கிளைக்குப் போனேன். குசினியில் வெளிச்சம் இருந்தது. கெஸ்லர் தனியாகக் காற்றாடியைப் போட்டு, கிரில்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கோட்டுக் கையை மடித்து விட்டிருந்தார். என்னைக் கண்டதும், "மனதை மாற்றிக்கொண்டாயா?" என்றார்.

"கிளை வேண்டாம். எனக்கு வேறு வேலை வேண்டும்" என்றேன். "சிஃப்ட் நடத்துவது ஒரு வேலை. காலையில் திறப்பது இன்னொரு வேலை. இரண்டையும் பிரியுங்கள். திறக்கிற வேலையை எனக்குத் தாருங்கள். கிரில்லைப் பார்ப்பேன், சாப்பிட்டுப் பார்ப்பேன், சரியென்றால் யோகத்திடம் கடையைக் கொடுப்பேன். சரியில்லையென்றால் கொடுக்கமாட்டேன். அதற்குப் பிறகு சிஃப்ட் முடியும் வரை அவளுக்குக் கீழே நிற்பேன்."

"இந்த ஒரு கிளையில் மட்டுமா?"

"இந்த ஒரு கிளையில்."

"தினமும்?"

"தினமும்" என்றேன்.

"அது கடைசிப் படி வேலை, ராசன். மணித்தியாலச் சம்பளம். ஸ்பிரிங்கருக்குக் கொடுப்பதைக்கூட என்னால் கொடுக்க முடியாது."

"தெரியும். இன்னொன்று. அந்த அம்மையாரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும்."

கெஸ்லர் கிரில்லின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே துப்புரவாக இருந்தது. "சொன்னால் ஒப்பந்தத்தை நீட்டாமல் விடலாம்" என்றார்.

"விடலாம்."

"மூன்று கிளையும் போகும். உன் ஆட்கள் எல்லோருக்கும்தான் வேலை போகும்."

"ஓம், ஷெஃப். ஆனால் நேற்று அவள் ஒருத்தியைக் கொடுத்து நீங்கள் மூன்று கிளையை வாங்கினீர்கள். இனி எங்கள் ஆட்களில் யார் உங்களுக்காக ஒரு வட்டைக் கடிப்பார்கள்?"

அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், நான் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். லின்ட்னர் உடனே எடுத்தார் போலிருக்கிறது.

"கெஸ்லர் பேசுகிறேன். நேற்று உங்களிடம் பொய் சொன்னேன். எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதை அனுமதித்தவன் நான்."

பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என் யோசனையைச் சொன்னார். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரே ஆள். தினமும். நீ விடுமுறை எடுப்பதென்றால் மாற்று ஆளை முன்கூட்டியே அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பாராம். ஒப்பந்தத்தைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசுவாராம். அது சுலபமாக இருக்காது என்றார்." கோட்டுக் கையை இறக்கி விட்டார். "ஆனால் யோகம் வேலையில் இருக்கலாம்."

அவரே யோகத்தைக் கூப்பிட்டார். அவள் தொலைபேசியில் என்ன சொன்னாளோ தெரியாது. கெஸ்லர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. அவள் வந்தபோது விடிந்துவிட்டது. தயாபரன் அவளுக்குப் பின்னால், பொம்மஸ் சட்டி பக்கம் நல்ல பிள்ளையாகப் போய் நின்றான். கெஸ்லர் திறப்புக் கோர்வையை நீட்டினார். வாங்கி இடுப்பில் கொழுவிக்கொண்டாள். அவரிடம் வேறொன்றும் கதைக்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆயின.

நான் முதல் வட்டை எடுத்தேன். மூக்கருகே பிடித்தேன். கடித்தேன், மென்றேன், விழுங்கினேன், நின்றேன். வெளியே ஒரு லொறிக்காரன் கண்ணாடியில் தட்டினான். யோகம் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த முறை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றேன்.

"வடிவாச் சொல்லுங்கோ. சரியோ, சரி மாதிரியோ?"

"சரி."

அவள் போய்க் கதவைத் திறந்தாள். திரும்பி வந்து என்னைக் கடந்து போகும்போது நிற்காமலே சொன்னாள்: "நாக்கின்ர வேலை முடிஞ்சுதெல்லே? இனிக் கையைக் காலைப் பாவியுங்கோ. பின்னால குப்பை வாளி நிரம்பி வழியுது."

வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.